கதையில் மட்டும் வீடு திரும்பியவள்

பிப்ரவரி 9

டாக்டர் ஐயாவுக்கு,

நீங்கள் இப்போது டாக்டர் இல்லை என்று உங்கள் நிகழ்ச்சி நடக்கும் அரங்கத்துக்காரர் போனில் சொன்னார். வேறு எப்படிக் கூப்பிடுவது என்று எனக்குத் தெரியவில்லை. எங்கள் பெண் உங்களைச் 'சின்ன டாக்டர்' என்பாள். பெரிய டாக்டர் காலையில் ஒரு சுற்று வந்து போய்விடுவார். நீங்கள்தான் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அவளோடு வாயாடுவீர்கள். குழந்தைகள் வார்டு, ஜன்னலோரக் கட்டில், ரத்தத்தில் புற்று. இவ்வளவு அடையாளம் போதும் என்று நினைக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரர் போனில் எதையோ போட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் லாரி ஓட்டுகிறவர். பெண் போனதிலிருந்து இந்த வீட்டில் அவர் சிரிப்புச் சத்தத்தை நான் கேட்டதில்லை. அவரைச் சிரிக்கவைத்த அந்தப் புண்ணியவான் யார் என்று பார்க்கத்தான் அடுப்பங்கரையிலிருந்து வந்தேன்.

நீங்கள். மேடையில் நின்று கதை சொல்லிக்கொண்டிருந்தீர்கள். வெள்ளைக் கோட்டு இல்லை, தாடி வைத்திருக்கிறீர்கள். ஆனால் குரல் மாறவில்லை.

அந்தக் கதையில், ஆஸ்பத்திரியில் ஒரு பையன். அவன் அப்பா பஸ் டிரைவர். ஊசியோடு யார் வந்தாலும் "லைசன்ஸ் எடுங்க" என்று நிறுத்துகிறான். மற்ற டாக்டர்கள் சிரிக்கிறார்கள், உங்களுக்கு மட்டும் லைசன்ஸ் காலாவதியாகிவிட்டது ஞாபகம் வந்து வேர்க்கிறது. சலைன் பாட்டில் தொங்கும் கம்பியைக் கிளீனர் என்று கூப்பிடுகிறான். பாத்ரூமிலிருந்து திரும்பும்போது "வரலாம் வரலாம், கொஞ்சம் லெஃப்ட்ல ஒடி, ஹோல்டான்" என்று அதற்கு உத்தரவு போடுகிறான். ஏன் ஐயா, கிளீனர் பையன் லாரியில்தானே போவான், பஸ்ஸில் ஏது கிளீனர்? பெண்ணைப் பையனாக்கினீர்கள், லாரியைப் பஸ்ஸாக்கினீர்கள், கிளீனரை மாற்ற மறந்துவிட்டீர்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தால் காம்பு வெளியே தெரியத்தான் செய்யும். என் வீட்டுக்காரர் அதைக்கூடக் கவனிக்கவில்லை. பெண் ஆஸ்பத்திரியில் இருந்தபோது அவர் பெரும்பாலும் ரோட்டில் இருந்தார். வார்டில் அவள் அடித்த கொட்டமெல்லாம் எனக்குத்தான் தெரியும், உங்களுக்குத் தெரியும்.

கடைசியில் அந்தப் பையனுக்குக் குணமாகிவிடுகிறது. வீல் சேரில் வைத்து நர்ஸ் வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போகிறாள். "ஹாரன் அடிங்க" என்கிறான். நர்ஸ் "பாம் பாம்" என்கிறாள். அரங்கம் அதிரக் கைதட்டல்.

எங்கள் பெண் அந்த வாசல் வழியாக வரவில்லை. அவளைப் பின்வாசல் வழியாகக் கொண்டுவந்தார்கள். உங்களுக்குத் தெரியும்.

அந்தக் கதையைச் சொல்வதை நிறுத்திவிடுங்கள். அவர் சிரித்துக்கொண்டிருந்தது தன் பெண்ணைப் பார்த்து என்று என்றைக்காவது அவருக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று யோசித்தீர்களா? பதில் எழுதுவதானால் கீழே உள்ள விலாசத்துக்கு எழுதுங்கள். நான் வேலை பார்க்கும் தையல் கடை. வீட்டுக்கு எழுத வேண்டாம். போனும் வேண்டாம். உங்களோடு போனில் என்னால் பேச முடியாது.

அந்தப் பிள்ளையின் அம்மா


பிப்ரவரி 21

மதிப்பிற்குரிய அம்மாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. அரங்கத்துக்காரர் "ரசிகை லெட்டர் போட்டிருக்காங்க" என்று எல்லார் முன்னாலும் கொடுத்தார். நானும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் பிரித்தேன்.

முதலில் மன்னிப்பு. உங்கள் பெண்ணை யாருக்கும் அடையாளம் தெரியக் கூடாது என்றுதான் பையனாக்கினேன். கிளீனர் விஷயத்தில் மாட்டிக்கொண்டேன். பரீட்சையிலும் நான் அப்படித்தான், பெரிய கேள்விக்கெல்லாம் பதில் எழுதிவிட்டுச் சின்னக் கேள்வியில் கோட்டை விடுவேன்.

நான் வேலையை விட்டது இங்கே பலருக்கு இன்னும் செரிக்கவில்லை. என் அம்மா அக்கம்பக்கத்தில் "பையன் மேல்படிப்புக்கு லீவு போட்டிருக்கான்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். என்ன படிப்பு என்று யாராவது துருவினால் "காது மூக்கு தொண்டை" என்கிறார். தொண்டையை வைத்துத்தான் பிழைக்கிறேன் என்பதால் அதை முழுப் பொய் என்றும் சொல்ல முடியவில்லை.

கதையில் அவளை ஏன் வீட்டுக்கு அனுப்பினேன் என்று நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுகிறேன். ஆரம்பத்தில் நடந்ததை நடந்தபடிதான் சொன்னேன். முன்வரிசையில் ஒருவர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எழுந்து போய்விட்டார். மற்றவர்கள் செருப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். "டிக்கெட் எடுத்து வந்து அழுவாங்களா தம்பி?" என்று அரங்கத்துக்காரர் கேட்டார். அடுத்த முறை வாய் தானாக அவளை வீல் சேரில் உட்கார வைத்துவிட்டது. கை தட்டினார்கள். அப்படியே நின்றுவிட்டது.

நிறுத்தச் சொல்கிறீர்கள். உடனே சரி என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் அந்தக் கதையால்தான் நாலு பேருக்கு என்னைத் தெரியும். அதன் பேரிலேயே ஒரு புத்தகமும் அச்சுக்குப் போகிறது. கொஞ்சம் அவகாசம் கொடுங்கள். வேறு பேர், வேறு தொழில், வேறு வியாதி என்று மாற்றிவிட்டால் உங்களுக்குச் சம்மதமா?

உங்கள்
முன்னாள் சின்ன டாக்டர்


மார்ச் 4

டாக்டருக்கு,

வார்டில் என்னை அக்கா என்று கூப்பிட்டீர்கள். இப்போது மதிப்பிற்குரிய அம்மா ஆகிவிட்டேன். பரவாயில்லை, அடிக்கடி மேடை ஏறுகிறவர்களுக்கு மரியாதை தானாக வந்துவிடும் போலிருக்கிறது.

உங்கள் கடிதத்தில் சிரிப்பு நன்றாக இருந்தது. அந்தக் காது மூக்கு தொண்டையைப் படித்தபோது எனக்கே சிரிப்பில் உதடு கோணியது. அதற்காக என் மேல் எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. செத்துப்போன பெண்ணைப் பற்றிக் கேட்டு எழுதினால் அதற்கும் ஜோக்கா? யாராவது உங்களைத் தூங்கும்போது எழுப்பி நெருப்பு பிடித்துவிட்டது என்றாலும் ஜோக்தான் சொல்வீர்களா?

வேறு பேர், வேறு வியாதி என்கிறீர்கள். சட்டைக்குப் பட்டன் மாற்றுகிற மாதிரி. நான் பள்ளிக்கூடச் சீருடை தைக்கிறவள். எதை மாற்றினால் சட்டை மாறும், எதை மாற்றினாலும் மாறாது என்று எனக்குத் தெரியும்.

நீங்கள் அதை நிறுத்துங்கள், நிறுத்தாமல் போங்கள். எனக்கு வேறொன்று வேண்டும்.

அன்று காலை பெரிய டாக்டர் ஒரு ஊசி மருந்து எழுதிக் கொடுத்து வாங்கி வரச் சொன்னார். கீழே மருந்துக்கடையில் வரிசை. எனக்கு முன்னால் நின்றவர் பில்லில் ஏதோ தப்பு என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார். நான் மேலே வந்தபோது கட்டிலைச் சுற்றித் திரை இழுத்திருந்தது. திரைக்கு வெளியே நீங்கள் நின்றீர்கள். ஏதோ சொன்னீர்கள். உதடு அசைந்தது, காதில் ஒன்றும் விழவில்லை. நானும் திருப்பிக் கேட்கவில்லை. கேட்கிற நிலையில் இல்லை.

அந்த நேரம் அவளோடு இருந்தது நீங்கள் ஒருவர்தான். அவள் விழித்தாளா? என்னைத் தேடினாளா? பையனை வீட்டுக்கு அனுப்பத் தெரிந்த வாய்க்கு என் பெண் எப்படிப் போனாள் என்று சொல்லத் தெரியாதா?

இதை எழுதுங்கள். எவ்வளவு கசப்பாக இருந்தாலும் எழுதுங்கள். தயவுசெய்து சிரிக்க வைக்காதீர்கள்.


ஏப்ரல் 2

அக்கா,

தாமதத்துக்குக் காரணம், இந்தக் கடிதத்தை எழுதி எழுதிக் கிழித்ததுதான். ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒரு வேடிக்கை வரி வந்து நுழைந்துவிடும். வேலையை விட்டபின் எனக்கு வந்திருக்கிற வியாதி அது. இந்த முறை நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

நீங்கள் இறங்கிப் போன கொஞ்ச நேரத்தில் அவள் கண் திறந்தாள். உங்களைத் தேடினாள். "அம்மா?" என்றாள். "கீழ மருந்து வாங்கப் போயிருக்காங்க, வந்துடுவாங்க" என்றேன். அது அவளுக்குப் போதுமாக இருந்தது. பயப்படவில்லை. நீங்கள் எப்போதும் மருந்து வாங்கப் போய்த் திரும்பி வருகிறவர்தானே.

ஆக்சிஜன் மாஸ்க்கை விலக்கச் சொல்லிக் கை காட்டினாள். கொஞ்சம் தூக்கிப் பிடித்தேன்.

"அப்பா எங்க வந்துட்டிருக்காரு?"

அவருக்கு முந்தின நாளே தகவல் சொல்லிவிட்டதாக நீங்கள் சொல்லியிருந்தீர்கள். எங்கே வந்திருப்பார் என்று எனக்கு எப்படித் தெரியும்? "பாலம் தாண்டிட்டாராம்" என்று சொல்லிவைத்தேன். எந்தப் பாலம் என்று அவள் கேட்கவில்லை. எந்த ரோட்டிலும் ஒரு பாலம் இருக்கும் என்று அவளுக்குத் தெரியும் போலிருக்கிறது. தலையாட்டினாள்.

"வேகமா வர வேணாம்னு சொல்லுங்க. லோடு இருக்கும்."

"சரி முதலாளி, சொல்லிடறேன்" என்றேன். அப்பா அவளை முதலாளி என்றுதான் கூப்பிடுவார், என்னையும் அப்படியே கூப்பிடச் சொல்லியிருந்தாள்.

அவள் பேசியது அவ்வளவுதான். மாஸ்க்கைத் திரும்பப் போட்டேன். கண்ணை மூடிக்கொண்டாள். என் விரல் ஒன்று அவள் கையில் இருந்தது. மூச்சு விட்டு விட்டு வந்தது. பிறகு ஒரு மூச்சுக்கு அடுத்த மூச்சு வரவில்லை. பெரிய டாக்டரைக் கூப்பிட்டேன், வந்தார், செய்ய வேண்டியதைச் செய்தோம். பலனில்லை. நீங்கள் வாங்கி வந்த மருந்து முன்னாலேயே வந்திருந்தாலும் எதுவும் மாறியிருக்காது. ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. டாக்டருக்குப் படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன். அந்த வரிசையில் உங்களுக்கு முன்னால் நின்ற மனிதரை மன்னித்துவிடுங்கள்.

அவள் அப்பா வந்து சேர்ந்தபோது நீங்கள் எல்லாரும் ஆஸ்பத்திரியை விட்டுப் போயிருந்தீர்கள். அவரை நான் பார்த்ததே இல்லை. அவருக்காக அவள் சொன்னதை இப்போது உங்களிடம் ஒப்படைக்கிறேன்.

நான் வேலையை விட்டது அவளால் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். வார்டில் சாவு புதிதில்லை. அன்று மதியம் கேண்டீனுக்குப் போனேன். நல்ல பசி. தட்டை வழித்துச் சாப்பிட்டேன். பக்கத்தில் இருந்தவன் சொன்ன கிரிக்கெட் கதையைக் கேட்டுச் சிரித்தேன். கை கழுவும்போதுதான் இந்த விரல் காலையில் எங்கே இருந்தது என்று ஞாபகம் வந்தது. காலையில் நடந்தது மதியத்துக்குள் என்னை விட்டுப் போயிருந்தது. நல்ல டாக்டருக்கு அப்படித்தான் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த கட்டிலுக்குப் போக முடியாது என்றார் பெரிய டாக்டர். அவர் சொன்னது சரிதான். எனக்குத்தான் அப்படி ஆகப் பிடிக்கவில்லை. அதைவிட அவள் பேசின மாதிரியே திரும்பத் திரும்பப் பேசிக்கொண்டிருக்கலாம் என்று தோன்றியது. அதில்தான் மேடை வந்தது.

கதையை நிறுத்திவிட்டேன். பதிவையும் எடுக்கச் சொல்லிவிட்டேன். புத்தகத்திலிருந்தும் நீக்கியாயிற்று. பதிப்பாளர் "உசுர எடுத்துட்டு உடம்பக் குடுக்கறீங்களே சார்" என்கிறார். கொஞ்ச நாள் திட்டுவார், விட்டுவிடுவார்.

தம்பி


ஏப்ரல் 17

தம்பி,

கடிதத்தைக் கடையில் துணி அடுக்கும் அறைக்குள் போய் நின்றுகொண்டு படித்தேன். வெளியே வந்தபோது முதலாளியம்மா முகத்தைப் பார்த்துவிட்டு "தூசி ஒத்துக்கலையா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

என்னைத் தேடினாள், பயப்படவில்லை. இந்த இரண்டு வார்த்தை போதும் எனக்கு. இத்தனை காலம் அவள் தேடித் தேடி ஏமாந்து போனதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். நீங்கள் நன்றாக இருக்க வேண்டும்.

ஆனால் அவருக்கென்று சொன்னதை அவரிடம் எப்படிக் கொடுப்பது? சொன்னால், உனக்கு யார் சொன்னது என்று கேட்பார். சின்ன டாக்டர் என்பேன். எந்தச் சின்ன டாக்டர் என்பார். அப்புறம் அந்தப் பஸ் பையன் யார் என்பது வெளியே வந்துவிடும். அவர் சிரித்த சிரிப்பெல்லாம் அவர் தொண்டையிலேயே முள்ளாக நிற்கும். சொல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

நீங்கள் பதிவை எடுத்ததிலிருந்து அவர் சரியில்லை. டிரிப் முடிந்து வந்ததும் வராததுமாகப் போனைத் தட்டித் தட்டித் தேடுகிறார். "அந்தக் காமெடிக்காரன் நல்லது ஒண்ணு வெச்சிருந்தான், அதையும் எடுத்துத் தொலைச்சுட்டான் பாரு" என்று போனைப் படுக்கையில் வீசினார். "இருக்கறது நூறு பேரு, வேற யாரையாவது பாருங்களேன்" என்றேன். எழுந்து வண்டி கழுவப் போய்விட்டார். அதற்கு முதல் நாள்தான் கழுவியிருந்தார்.

ஒரு வேடிக்கைக் கதைக்காக ஒரு மனுஷன் இப்படிச் சிடுசிடுப்பாரா என்று எனக்குப் புரியவில்லை. உங்கள் பிழைப்பையும் கெடுத்து, அவர் சிரிப்பையும் கெடுத்தேனோ என்று இருக்கிறது. இருந்தாலும் நிறுத்தியது நல்லதுதான்.

அக்கா


ஜூன் 12

அக்கா,

இதை எழுதலாமா கூடாதா என்று ஒரு வாரமாக யோசித்தேன். இதைச் சொல்ல மாட்டேன் என்று ஒருவரிடம் வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

போன வாரம் மாலை நிகழ்ச்சி முடிந்து அரங்கத்தின் பக்கவாட்டு வழியாக வெளியே வந்தேன். கூட்டம் ஒன்றும் இல்லை, இப்போதெல்லாம் பாதி நாற்காலி காலிதான். படிக்கட்டில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். காக்கிச் சட்டை, கழுத்தில் துண்டு. என்னைப் பார்த்ததும் எழுந்தார்.

"சார், அந்தப் பஸ் பையன் கதைய ஏன் சொல்லல?"

எல்லாரும் கேட்பதுதான். அதை இப்போது சொல்வதில்லை என்றேன்.

"நாலு ஷோ டிக்கெட் எடுத்துட்டேன் சார். லோடு எறக்கிட்டு எறக்கிட்டு வந்து பாக்கறேன். எதுலயும் சொல்லல."

"ஏன், அவ்வளவு சிரிப்பா இருக்கா?" என்று கேட்டேன். சத்தியமாக அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை.

அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். "லாரிக்காரனுக்குத் தெரியாதா சார், கிளீனர் எந்த வண்டியில இருப்பான்னு?"

அக்கா, அவருக்குத் தெரியும். முதல் தடவை கேட்டதிலிருந்தே தெரியும். வண்டியை ஓரங்கட்டிவிட்டு ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதாராம். "லைசன்ஸ் எடு"வும் "லெஃப்ட்ல ஒடி"யும் அவரிடமிருந்து அவள் பிடித்துக்கொண்டதுதானே, அவருக்கா தெரியாது? அப்புறம் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறார். கேட்கக் கேட்க அழுகை போய்ச் சிரிப்பு வந்ததாம். "அவ பேசற மாதிரியே பேசறீங்க சார், அந்தக் கொழுப்பு அப்படியே இருக்கு" என்றார்.

நான் மன்னிப்புக் கேட்டேன். வீட்டுக்கு அனுப்பியது தப்பு, பொய் சொல்லிக் கைதட்டல் வாங்கிவிட்டேன் என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அத மாத்திடாதீங்க சார். அந்த ஒரு கதையில மட்டும்தான் எம் பொண்ணு வீட்டுக்கு வரா."

கையை விடாமலே பேசினார். "நான் வந்து சேந்தப்ப எல்லாம் முடிஞ்சிருந்துச்சு. அவள ஆஸ்பத்திரியில கொண்டுபோய் விட்டதுதான் எனக்குத் தெரியும். நடுவுல ஒண்ணுமே நான் பாக்கல. நீங்க சொன்னதுதான் எனக்கு இருக்கு." கிளம்பும்போது, "வீட்ல அவளுக்குத் தெரியக் கூடாது சார். அன்னிக்குத் தெரியாத்தனமா அவ இருக்கும்போது போட்டுட்டேன். நல்லவேள, அது யாருன்னு அவ கவனிக்கல. தெரிஞ்சா ஒடஞ்சுடுவா" என்றார்.

நோயாளி சொன்னதை வெளியே சொல்லக் கூடாது என்பது என் பழைய தொழிலின் சட்டம். அவர் என் நோயாளி இல்லை, நானும் டாக்டர் இல்லை. இருந்தும் அந்தச் சட்டத்தை மீறுகிற மாதிரிதான் இருக்கிறது. ஆனால் நீங்கள் அவருக்காகவும் அவர் உங்களுக்காகவும் பூட்டி வைத்திருப்பது ஒரே அறையை. நடுவில் நிற்கும் என்னிடம் இரண்டு சாவியும் இருக்கிறது. அவளுடைய கடைசி வார்த்தையை அவரிடம் நான் சொல்லவில்லை. அது நீங்கள் சொல்ல வேண்டியது.

தம்பி


ஜூலை 1

தம்பி,

அவர் போன வியாழக்கிழமை வந்தார். குளித்து, சாப்பிட்டு, டீ குடிக்கும்வரை காத்திருந்தேன். பிறகு உங்கள் கடிதங்கள் எல்லாவற்றையும் மேஜையில் வைத்தேன்.

"என்ன இது?"

"நீங்க படிக்கட்டுல உக்காந்து பாத்துட்டு வந்தீங்களே, அவரு எழுதினது."

முகம் வெளுத்துவிட்டது. அப்புறம் சண்டை. கல்யாணமானதிலிருந்து நாங்கள் போட்ட சண்டைகளில் இதுதான் பெரியது. யார் கதையை யார் நிறுத்தச் சொல்வது என்று கத்தினார். பொய்யைக் கேட்டுக் கேட்டுச் சிரிக்க எப்படி மனசு வந்தது என்று நானும் கத்தினேன்.

"உனக்கென்னடி, நீ கூடவே இருந்த. அவ சாப்பிட்டது, தூங்குனது, பேசுனது எல்லாம் உங்கிட்ட இருக்கு. எனக்கு என்ன இருக்கு? ரோடு இருக்கு."

கூட இருந்து பார்த்ததைத்தான் என் தலையில் விழுந்த இடி என்று நினைத்திருந்தேன். அதைப் பார்த்து ஒருத்தர் பொறாமைப்படுவார் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

உங்கள் ஏப்ரல் கடிதத்தை எடுத்து வாசித்தேன். "பாலம் தாண்டிட்டாராம்" என்ற இடத்தில் தலை நிமிர்ந்தார். "அந்த நேரத்துக்கு நான் மலையேறிக்கிட்டு இருந்தேன். ஃபுல் லோடு. முன்னாடி ஒரு டேங்கர் நத்தையா ஊர்ந்துச்சு" என்றார். லோடை வழியில் இறக்கிப் போட்டுவிட்டு வந்திருந்தால் நேரத்துக்கு வந்திருக்கலாம் என்று மனசுக்குள் ஓட்டிக்கொண்டே இருந்திருக்கிறார். ஒரு நாளும் என்னிடம் சொன்னதில்லை. நான் ஏதாவது சொல்லிவிடுவேனோ என்று பயமாம்.

அடுத்த வரியை வாசித்தேன். வேகமா வர வேணாம்னு சொல்லுங்க. லோடு இருக்கும்.

"திரும்பப் படி" என்றார். படித்தேன். எழுந்து போய்ச் சுவரைப் பார்த்து நின்றார். அவர் அழுது நான் பார்த்ததில்லை. பெரிய ஆள், தோள் இரண்டும் எஞ்சின் போட்ட மாதிரிக் குலுங்கியது. பக்கத்தில் போய் நின்றேன். வேறொன்றும் செய்யத் தெரியவில்லை.

அப்புறம் திரும்பி என்னைக் கேட்டார். அந்தக் கேள்வியை இவ்வளவு காலம் நான் உங்களிடமும் கேட்கவில்லை, என்னிடமும் கேட்டுக்கொள்ளவில்லை.

"அவளுக்கு வலிச்சுதா?"

எனக்குத் தெரியவில்லை என்றேன். கேட்டு எழுதச் சொல்கிறார். எனக்கும் தெரிய வேண்டும்.

அக்கா


ஜூலை 8

அக்காவுக்கும் அண்ணனுக்கும்,

இதை நான் டாக்டராக எழுதுகிறேன். வேலையை விட்டாலும் தெரிந்தது தெரிந்ததுதான்.

வலித்தது. 'இல்லவே இல்லை' என்று எழுதிவிட ஒரு கணம் ஆசை வந்தது. உங்களை ஒரு தடவை பொய் சொல்லி அழவைத்தது போதும். இந்த நோயில் எலும்புக்குள் வலி இருக்கும். அவளுக்குக் காலிலும் முதுகிலும் இருந்தது. அக்காவுக்கு ஞாபகம் இருக்கும், சில நாள் யாரையும் கட்டிலில் உட்கார விடமாட்டாள். படுக்கை அசைந்தாலே வலித்ததால்தான் அது. நான் தரையில் உட்கார்ந்ததும் அதனால்தான். பாசத்தால் என்று எல்லாரும் நினைத்தார்கள்.

வலிக்கு மருந்து கொடுத்தோம். அடங்கும், திரும்ப வரும். கடைசிக்கு முந்தின நாள் பகலில் கஷ்டப்பட்டாள், மூச்சுக்கும் சிரமப்பட்டாள். அன்று சாயங்காலம் மருந்தின் அளவைக் கூட்டினோம். அதற்குப் பிறகு குறைந்தது.

அன்று காலை வலி இருந்ததாக நான் நினைக்கவில்லை. காரணம் சொல்கிறேன். குழந்தைகள் வார்த்தையில் மறைத்தாலும் உடம்பில் மறைக்கத் தெரியாது. நெற்றி சுருங்கும், கால் மடங்கி வயிற்றோடு ஒட்டும், கிடைத்த கையை இறுக்கும். அவள் நெற்றி விரிந்திருந்தது. கால் நீட்டியிருந்தது. என் விரலைப் பிடித்திருந்த பிடியில் இறுக்கம் இல்லை, உருவினால் வந்துவிடும். நான் உருவவில்லை. வலி அழுத்துகிற பிள்ளை அப்பாவுடைய லோடைப் பற்றிக் கவலைப்படாது அண்ணா.

அவளுக்குள்ளிருந்து பார்த்தவன் இல்லை நான். வெளியே நின்ற ஒரு டாக்டருக்கு எவ்வளவு தெரியுமோ அவ்வளவுதான் எனக்குத் தெரியும். அதில் ஒன்றையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

என் புத்தகம் வந்துவிட்டது. மெலிந்து போயிருக்கிறது. நிகழ்ச்சிகள் குறைந்துவிட்டன. அம்மா ஆஸ்பத்திரிக்கே திரும்பிப் போ என்கிறார். அந்த வார்டு வாசல்வரை ஒரு நாள் போனேன். உள்ளே ஒரு குழந்தை அழும் சத்தம் கேட்டது. திரும்பி வந்துவிட்டேன். நான் அதற்கு லாயக்கில்லை. மேடைக்கு லாயக்கா என்பதும் இன்னும் தெரியவில்லை.

அந்தக் கதையை என்ன செய்வது என்று நீங்கள் இருவரும் சேர்ந்து சொல்லுங்கள். அதன்படி செய்கிறேன்.

டாக்டர்


ஜூலை 30

தம்பி,

வாசித்துக் காட்டினேன். "வலித்தது" என்ற இடத்திலேயே "நிறுத்து" என்றார். வெளியே போய் வாசல் படியில் உட்கார்ந்தார். நானும் உள்ளேயே உட்கார்ந்திருந்தேன். வெகுநேரம் கழித்து வந்து "மிச்சத்தப் படி" என்றார். முடித்ததும், "மனுஷன் பொய் சொல்லல" என்று மட்டும் சொன்னார். படுத்தார், அப்படியே தூங்கிவிட்டார். மறுநாள் டிரிப்புக்கு ஆள் வந்து கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை. உடம்பு சரியில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

கதையைப் பற்றி எங்களுக்குள் ஒத்துவரவில்லை. அவள் வீட்டுக்கு வரட்டும் என்கிறார் அவர். என்னால் அதைக் கேட்க முடியாது, காது கூசுகிறது. கடைசியில் இப்படி முடிவு செய்திருக்கிறோம். பழைய பதிவு உங்களிடம் இருந்தால் அவருக்கு மட்டும் அனுப்பிவையுங்கள். வண்டியில் தனியாகப் போகும்போது கேட்கட்டும். மேடையில் வேண்டாம். எப்போதாவது சொல்லித்தான் ஆக வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றினால், பெண் என்று சொல்லுங்கள், லாரி என்று சொல்லுங்கள், நடந்ததைச் சொல்லுங்கள். எழுந்து போகிறவர்கள் போகட்டும்.

இனிமேல் நான் எழுத மாட்டேன் தம்பி, கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் கடிதம் வரும் என்று கடை வாசலையே பார்த்துக்கொண்டிருப்பது பழக்கமாகிவிட்டது. அதில் அவளே வருகிற மாதிரி ஒரு நினைப்பு வருகிறது. நல்லதில்லை.

நேற்று சாயங்காலம் அவர் கேட்டார், வார்டில் அவள் வேறு என்னவெல்லாம் செய்தாள் என்று. இத்தனை காலத்தில் கேட்டதே இல்லை. பக்கத்துக் கட்டில் பிள்ளையின் மாத்திரையையும் சேர்த்து எண்ணிக் கொடுத்து நர்ஸிடம் திட்டு வாங்கியது, பெரிய டாக்டர் வரும்போது குறட்டை விட்டது, தலைமுடி கொட்டியதும் கண்ணாடியைப் பார்த்து "டயர் மொட்டையாயிடுச்சு" என்றது, எல்லாம் சொன்னேன். உங்களிடம் இருந்தது கொஞ்சம்தான் தம்பி. மிச்சமெல்லாம் என்னிடமே கிடந்திருக்கிறது. டயருக்கு அவர் சிரித்தார், நானும் சிரித்துவிட்டேன். சிரித்து ஓய்ந்ததும் வீடு ரொம்ப அமைதியாகிவிட்டது.

பிறகு அவர், "ம், அப்புறம்?" என்றார்.

அக்கா